காஞ்சிப் பட்டும் காலத்தின் கட்டளையும்



மலர்க் குழுவினர் போன் செய்து, "சோதனைக் காலத்தில் நல்ல மாற்றத்தை வரவேற்பது எப்படின்னு ஒரு கட்டுரை குடுங்க சார்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2020-க்குப் பிறகு கம்பெனியில் இதே தலைப்பில் மூன்று முறை பயிற்சி வகுப்பு நடத்திவிட்டார்கள். மூன்று முறையும் ஒரே கழுகுக் கதை! வயதான கழுகு மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைத் தானே உடைத்துக்கொண்டு புது அலகு வளர்த்துக்கொள்ளுமாம். பறவைகளைக் கவனிப்பவரான என் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "அப்படி உடைச்சுக்கிட்டா அது பட்டினி கிடந்து செத்துப்போயிடும்பா" என்றார்.

கழுகு வேண்டாம். நம் ஊர்த் தறி இருக்கிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, 2009-இல் வெளியே வந்தவன் நான். சரித்திரம் எழுத எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் தறியை ஒரு இயந்திரமாகப் பார்க்கத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

காஞ்சிப் பட்டு என்றதும் எல்லோரும் "மாறாத பாரம்பரியம்" என்பார்கள். கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னால் பொருத்தம்தான். உள்ளே போய்ப் பார்த்தால் இந்தத் தொழிலில் மாறாமல் இருந்தது மிகக் குறைவு. பட்டுப்புழு நம் ஊரில் வளர்வதில்லை, நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் சூரத். நமக்கே உரியது என்று சொல்ல இருப்பது நெய்கிறவர் கையும் கண்ணும்தான். அந்தக் கையும்கூடப் பருத்தியில் பழகிய கை. கைக்கோளர் என்னும் செங்குந்தர் சமூகத்தினர் பல நூற்றாண்டுகள் பருத்தித் துணி நெய்தவர்கள். விஜயநகர ஆட்சிக்காலத்தில் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் காஞ்சி நெசவாளருக்கு உரிமை இருந்தது. அதை முன்மாதிரியாகக் காட்டி மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கும் கேட்டு வாங்கினார்கள் என்று 15-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கோயிலும் தறியும் அப்படிப் பின்னிக் கிடந்த ஊர் இது.

பல்லக்கு ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளை 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் மில் துணி வந்து கீழே இறக்கியது. மில்லோடு மல்லுக்கட்டிச் சாதாரணப் பருத்தி நெய்து பிழைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, பலர் மில்லால் செய்ய முடியாத வேலையைத் தேடிப் போனார்கள். அகலக் கரை, கனமான முந்தானை, கெட்டிச் சாயம், இரட்டை நூல். நாம் இன்று "பாரம்பரியம்" என்று கையெடுத்துக் கும்பிடும் பட்டுச்சேலையின் பெரும் பகுதி, ஒரு நெருக்கடிக்கு நெசவாளர் சொன்ன பதில் என்றால் மிகையாகாது.

மாறியவர்கள் உடனே செழித்தார்களா? அதுதான் இல்லை. பருத்தி நூல் கடனுக்கு வாங்கலாம், பட்டு நூலை வாங்கச் சாமானியனால் ஆகாது. நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெசவாளி கூலிக்கு நெய்வார். கல்யாணம், சாவு, பிரசவம் எதற்கும் முன்பணம் வாங்குவார். அந்தக் கடன் அடையும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. வாங்கிய பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேலையாகத் திரும்பும்போது மறுபடி எடை. கச்சாப் பட்டில் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை நீக்கும்போது எடையில் கால் பங்கு வரை போய்விடும். இந்தக் கணக்கு நெசவாளிக்குத் தெரியாவிட்டால் அவ்வளவுதான், திருட்டுப் பட்டமே வரும். "காஞ்சிவரம்" படத்தில் பிரகாஷ்ராஜ் மகள் கல்யாணத்துக்காக நூல் இழையை ஒளித்துக் கடத்தும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் ஊரே மறந்துவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் கண்ட கூட்டுறவு முறையை இங்கும் கொண்டுவர வேண்டும் என்று 1890-களில் அறிக்கை எழுதினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பதிவானது தெரியுமா? பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. 1904 அக்டோபரில், நம்ம காஞ்சிபுரத்தில்! ஒரு நெசவு ஊரில் அந்த யோசனை முதலில் வேர் பிடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடன்தான் இங்கே தீராத நோய்.

1935-இல் மாகாண அளவில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைப்பது அதைத்தான். இரண்டாம் உலகப்போரில் பட்டுக்கே பஞ்சம். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த நாட்டுப் பட்டு நின்றது, மைசூர்ப் பட்டைப் பாராசூட் தைக்கக் கொண்டுபோனார்கள். சுதந்திரம் வந்த பிறகும் விடியவில்லை. 1952, 53-இல் மாகாணம் முழுக்கக் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தது. முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். அவரை அரசியலில் கடுமையாக எதிர்த்த அண்ணா, நெசவாளர் குடும்பத்தில் நம்ம ஊரில் பிறந்தவர், 1953-இல் தம் கட்சிக்காரர்களோடு கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். அதே ஆண்டு மில் துணிமீது கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் சட்டம் வந்தது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே துணிக்காக நின்ற அபூர்வமான நேரம் அது.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் காஞ்சியில் ஒவ்வொன்றாகப் பெருகின. அவற்றின் பெயரைப் படித்தாலே ஊரின் சரித்திரம் தெரியும். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர்! சங்கத்தில் சேர்ந்தால் கூலி விகிதம் எழுத்தில் இருக்கும். எடைக்கணக்கு பாஸ்புத்தகத்தில் இருக்கும். தீபாவளிக்குப் போனஸ் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, சங்கத்திலும் ஊழலும் அரசியலும் புகுந்த காலங்கள் இருந்தன. பணம் வராமல் மாசக்கணக்கில் காத்திருந்த கதைகளும் எங்கள் தெருவில் உண்டு. ஆனாலும் என் தாத்தா அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "சங்கத்துல சேர்ந்த அப்புறம்தான்டா நான் மொதலாளி வீட்டுத் திண்ணைல ஏறி உக்காந்தேன்." முன்பெல்லாம் கீழே நின்றபடிதான் பேச வேண்டுமாம்.

இனி என் துறைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலைக் கரையில் மயில், யாளி, கோபுரம், ருத்ராட்சம் என்று உருவங்கள் வர வேண்டுமென்றால், ஒவ்வொரு ஊடை இழைக்கும் எந்தெந்தப் பாவு இழை மேலே ஏற வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்ல வேண்டும். பழைய முறைக்குப் பெயர் அடை. டிசைனை நூல் கயிறுகளாக முடிந்து தறியின்மேல் கட்டியிருப்பார்கள். ஒருவர் அந்தக் கயிறுகளை வரிசை தப்பாமல் இழுக்க, மற்றவர் நெய்வார். புது டிசைன் என்றால் அடை கட்டவே நாள்கணக்கில் ஆகும். அதனால் ஒரே டிசைன் தலைமுறை தலைமுறையாக ஓடும்.

பிரான்ஸில் லியோன் நகரமும் பட்டு நெசவு ஊர்தான். அங்கே ஜக்கார்டு என்பவர் 1804-இல் கயிற்றுக்குப் பதில் துளை போட்ட அட்டைகளை வைத்தார். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த இழை ஏறும். துளை இல்லாவிட்டால் ஏறாது. ஒன்று அல்லது பூஜ்யம்! இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு அட்டை வைக்க நினைத்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்: உங்கள் துறையின் கொள்ளுத்தாத்தா பட்டுச்சேலை நெய்யும் பெட்டிதான்.

லியோன் நெசவாளர் 1831-இல் கலகம் செய்தார்கள். இயந்திரத்தை உடைக்க எழுந்த கலகம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது கூலி விகிதத்துக்காக நடந்தது. பெட்டி வந்து வேலை வேகமாயிற்று, லாபம் யார் கைக்குப் போகும் என்பதில்தான் சண்டை.

காஞ்சியிலும் ஜக்கார்டு பெட்டி எதிர்ப்பில்லாமல் வரவில்லை. அடை கட்டுகிறவர் பிழைப்பு போனது. கூரை உயரம் போதாத வீடுகளில் பெட்டியை மாட்ட இடமில்லை, தாத்தா ஓட்டுக் கூரையில் இரண்டு வரிசை ஓட்டைப் பிரித்துத் தூக்கிக் கட்டினாராம். டிசைன் மாற்ற அட்டையை மாற்றினால் போதும் என்றானதும் கடைக்காரர்கள் மாசத்துக்கொரு புது டிசைன் கேட்க ஆரம்பித்தார்கள். நெசவாளி மனசில் இருந்த டிசைன் அட்டை வெட்டுகிறவர் கைக்குப் போனது. ஆக ஒரு கையில் வரவு, ஒரு கையில் செலவு.

ஆனால் ஒரு வேலையை எந்தப் பெட்டியும் தொட முடியவில்லை. அதற்குப் பெயர் கோர்வை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

அரக்கு உடல், பச்சைக் கரை. இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் கத்தி வெட்டியது மாதிரி நிற்கிறதே, எப்படி? சாதாரணத் தறியில் ஒரு நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். அப்போது உடலின் ஊடை நிறம் கரைக்குள்ளும் புகுந்து நிறத்தை மங்கடிக்கும். கோர்வையில் மூன்று நாடா. நடு உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. உடல் இழை கரையின் வாசலில் நின்று, கரை இழையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் கே கண்டுபிடித்த விசைநாடா, பருத்தித் தறிகளில் வேகத்தைக் கூட்டியது. கோர்வைத் தறிக்குள் அது நுழைய முடியவில்லை, இழையை நடுவில் நிறுத்திக் கோக்க அதற்குக் கையில்லை.

நெசவாளி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் இடது கரை அவர் கைக்கு எட்டாது. அதனால் இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தக் கரையின் நாடாவை வாங்கிக் கோத்துத் திருப்பித் தர வேண்டும். பலம் தேவையில்லை, சின்ன விரலும் வேகமும் போதும். கூலியும் குறைவாக இருக்க வேண்டும். யாரை உட்கார வைப்பார்கள்? குழந்தையைத்தான்.

என் அப்பா 1968-இல், எட்டு வயதில் அந்த இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் தாத்தாவின் தறி என்பதால் அடி உதை இல்லை. பக்கத்துத் தெருக்களில் வேறு வீட்டுத் தறிக்குப் போன பிள்ளைகள் கதை வேறு. அப்பன் வாங்கிய சில நூறு ரூபாய் முன்பணத்துக்காக, வருஷக்கணக்கில் காலை ஆறு மணிக்குப் போய் இருட்டிய பிறகு வருவார்கள். தறிக்குழி ஈரம், குனிந்த முதுகு, மங்கின பல்பு. நாம் அழகு என்று சொல்லும் அந்தக் கத்தி வெட்டுக் கோடு இப்படித்தான் நேராக நின்றது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் சரித்திரம் பாதிதான்.

பள்ளிக்கூடம் சும்மா இருக்கவில்லை. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இரண்டும் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு அதில் விலக்கு இருந்தது, எங்கள் ஊரில் எல்லாத் தறியும் "குடும்பத் தறி"தானே! 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் ஊர் பெயர் வந்தது. 2004-இல் இந்திய, அமெரிக்க அரசுகளும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து நடத்திய இண்டஸ் திட்டத்தில், தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் ஒன்றாகக் காஞ்சிபுரம் சேர்ந்தது. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அதிகாரிகள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்.

நெசவாளிகள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். "புள்ளைய இஸ்கூலுக்கு அனுப்புறோம், சரி. கோர்வைக்கு இன்னொரு கைக்கு எங்க போறது? கூலிய ஏத்திக் குடுக்கிறியா?" என்று கேட்டார்கள். கூலி உயரவில்லை. இரண்டு வழிதான் இருந்தது. கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவில் நெய்யும் சேலைக்கு மாறலாம். இல்லாவிட்டால் பெரியவர் யாராவது இடப்பக்கம் உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டில் 1998-இல் இந்தக் கேள்வி வந்தது. எனக்குப் பத்து வயது. ஆயா, "இவன உக்கார வைடா, நீயும் இந்த வயசுலதானே உக்காந்தே" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. அம்மாதான், "இவன் படிக்கட்டும் அத்தே, நான் உக்கார்றேன்" என்றார். அதுவரை தார் சுற்றுவது, பாவு பிரிப்பது என்று கூலியே கணக்கில் வராத வேலைகளை அம்மா செய்துகொண்டிருந்தார். அதோடு சமையல், தண்ணீர் பிடிப்பது எல்லாம் இருக்க, இதுவும் சேர்ந்தது. பதினாறு வருஷம் அந்த இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றும் அவரால் நிமிர்ந்து நடக்க முடியாது.

நண்பர்களே, நம் கல்லூரியில் என் வகுப்பில் மட்டும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர். இடப்பக்கத்தில் உங்களுக்குப் பதிலாக யார் உட்கார்ந்தார்கள் என்று ஒருநாள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் பேச்சு வந்தது. ஆறு பேர் "எங்கம்மா" என்றார்கள். ஒருவன் "எங்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். குழந்தைத் தொழிலை ஒழித்தோம் என்று அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லவும் வேண்டும். என் பார்வையில் நம் ஊர் கண்ட மாற்றங்களிலேயே சிறந்தது அதுதான். ஆனால் அதன் செலவில் பெரிய பங்கைக் கட்டியவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை.

கோர்வைக்கும் செலவு உண்டு. பலர் ஒற்றை நாடாவுக்குப் போனார்கள். கோர்வைச் சேலை குறைந்தது, விலை ஏறியது. பெரிய கடைகளில் "இது ஒரிஜினல் கோர்வை" என்று தனி அலமாரி வைக்கும் நிலை வந்தது. "கலை அழியுதே" என்று வருத்தப்படுகிற ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சண்டை போட மாட்டேன். ஒரு கலை குழந்தையின் முதுகில் நின்றுதான் பிழைக்கும் என்றால் கொஞ்சம் குறையட்டும் என்பது என் கட்சி.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டன. கம்பெனி பஸ் பிள்ளையார்பாளையம் முனைக்கே வந்து நின்றது. தறிப் பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுப் போனார்கள். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது, அந்த வேலையும் நிரந்தரம் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிஜப் பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் என்று முத்திரைகள் வந்தன. பட்டுச்சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985-ஆம் வருஷச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1993-இல் உறுதி செய்திருந்தும், விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பது நிற்கவில்லை. 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பரிசோதித்துச் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. வெள்ளி விலை ஏற ஏற, ஜரிகையில் கை வைக்கும் ஆசையும் ஏறும். மாற்றம் என்ற பெயரில் வருவதையெல்லாம் மாலை போட்டு வரவேற்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

2019-இல் நாற்பது வருஷத்துக்குப் பிறகு அத்திவரதர் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் 48 நாள், ஒரு கோடிக்கும் மேல் ஜனம். சின்ன காஞ்சிபுரத்தில் நிற்க இடமில்லை. 1979-இல் தரிசித்த அப்பா, "அப்பவும் கூட்டம்தான், ஆனா இவ்ளோ இல்ல" என்றார். கடைகளில் நல்ல வியாபாரம். எட்டு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், அதே தெருக்களில் ஆள் நடமாட்டம் இல்லை. கோயில் மூடியது, கல்யாணம் சுருங்கியது. கல்யாணம் இல்லாமல் காஞ்சிப் பட்டு ஏது? சங்கத்தில் புதுப் பாவு கொடுக்கவில்லை. அந்த ஜூலையிலேயே அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கலைக்கப்பட்டது.

நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளத்தைப் பாதியாக்கி வீட்டிலிருக்கச் சொன்னார்கள். ஆக அப்பாவும் நானும் ஒரே வீட்டில், இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அப்போதுதான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தறிக்குழி ஓரம் உட்கார்ந்தேன். தறியின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், அளவு, அது ஏன் அப்படி என்று கேட்டேன். அப்பாவுக்கு முதலில் சலிப்பு. பிறகு சுவாரசியம் தட்டிவிட்டது, நான் தூங்கப் போனாலும் எழுப்பிச் சொல்வார். "இதக் கேக்க உனக்கு முப்பது வருஷமாச்சாடா?" என்றார் ஒருநாள். இந்தக் கட்டுரையில் தறி பற்றி இருப்பதெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

நம் கல்லூரியில் எனக்கு ஆறு வருஷம் இளையவன் ஒருவன், நெசவாளர் மகன்தான், அந்த மாதங்களில் தெருவில் தேங்கிக் கிடந்த சேலைகளை மொட்டைமாடி வெயிலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தான். முதல் மாதம் நாலு சேலை போயிற்று. ஒவ்வொரு சேலைக்கும் நெய்தவர் பெயர், எத்தனை நாள், கோர்வையா ஒற்றை நாடாவா என்று எழுதி அனுப்பினான். இடப்பக்கம் உட்கார்ந்தவர் பெயரையும் போட்டான்! ஒரு அம்மா அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். இன்று அவன் வழியாக இருபத்திரண்டு தறிகள் ஓடுகின்றன. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, இருபத்திரண்டு தறிதான்.

மாநாட்டுக்கு வரும் நண்பர்கள் எப்படியும் காந்தி ரோட்டில் சேலை வாங்கப் போவீர்கள், தெரியும். கரையும் உடலும் சேரும் கோட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உடல் நிறத்து இழை கரைக்குள் போகாமல் கோட்டிலேயே திரும்பியிருந்தால் அது கோர்வை. விலை கூடுதலாக இருக்கும், பேரம் பேசுவதற்கு முன்னால் அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கல் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இடப்பக்கத்து ஆளுக்குப் பதில், நெசவாளி தன் இடத்திலிருந்தே காலாலோ கையாலோ இயக்கும்படியான, கரண்ட் இல்லாத ஒரு எளிய கோர்வைக் கருவி வேண்டும். தறி கைத்தறியாகவே இருக்க வேண்டும், விலை ஒரு சேலைக் கூலிக்குள் அடங்க வேண்டும், பழுதானால் தெரு முனை லேத் பட்டறையில் சரிசெய்ய முடிய வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் மலர்க் குழு வழியாக எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நோட்டைத் தருகிறேன், அப்பாவும் தயாராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வந்தால் தறி ஓடும்போதே அளக்கலாம். டேப்பும் டார்ச்சும் கொண்டு வாருங்கள், குழிக்குள் வெளிச்சம் கம்மி.